நெத்தலி இறங்குகிற ஒழுங்கை

இந்தக் காலத்துச் சனம் காரியம் இருந்தால்தான் கையைப் பிடிக்கும். காரியம் முடிந்ததும் எதிரே கண்டால்கூட ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இது நன்றாகத் தெரிந்த சிவபாதசுந்தரத்தின் கையைத்தான் ஹரிப்பிரியா பிடித்திருந்தாள். மந்திரியின் அலுவலகத்துக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போன விதத்தைப் பார்த்தவர்கள் பெற்ற மகள் என்றே நினைத்திருப்பார்கள்.

“மெல்ல வாங்கோ அங்கிள். தரை வழுக்கும்.”

“தரை வழுக்காது பிள்ளை. இங்க இருக்கிற ஆக்கள்தான் வழுக்குவினம்.”

ஒஸ்ரேலியாவில், பென்டில் ஹில்லில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய சந்து. மீன் வானும் மரக்கறி லொறியும் வந்து போவது அதற்குள்ளால்தான். அதை மூடி, அந்த இடத்தையும் சேர்த்துச் சூப்பர்மார்க்கெட் கட்டுவதற்கு ஒரு பெரிய கொம்பனி அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருந்தது. ஒழுங்கை போனால் கடையும் போச்சு.

மந்திரியின் அலுவலகத்துக்கு அவர் ரெலிபோன் எடுத்தபோதெல்லாம் பாட்டுத்தான் போட்டார்கள். அந்த நேரத்தில் நகரத்துச் சட்ட நிறுவனமொன்றில் வேலை செய்யும் ஹரிப்பிரியா தானாகவே கடைக்கு வந்தாள். “மினிஸ்டரிட்ட நான் கூட்டிக்கொண்டு போறன் அங்கிள். நீங்கள் தமிழில சொல்லுங்கோ, நான் இங்கிலிஷில சொல்லுறன்” என்றாள். கேட்காமல் வந்த உதவி என்றபடியால் அவருக்குச் சந்தேகம்தான். ஆனால் அவருடைய இங்கிலிஷ் கடை வாசலைத் தாண்டாது; வேறு வழியும் இல்லை.

கோட்டுப் போட வேண்டாம், கடையில் நிற்கிற உடுப்போடு வாருங்கள் என்றும் அவள்தான் சொன்னாள். சாதாரண ஆள் வந்தால்தான் மந்திரி காது கொடுப்பாராம்.

காத்திருக்கும் அறையில் கதிரைகள் முழுக்கக் கோட்டுக்காரர்கள்.

“இவையெல்லாம் ஆர்?”

“லோயர்மார் அங்கிள். ஒவ்வொரு கொம்பனிக்காகவும் மினிஸ்டரோட கதைக்க வந்திருக்கினம்.”

“ஏன், இவைக்கு வழக்குக் கிடைக்கேல்லையோ?”

“வழக்கெல்லாம் பழைய காலம். இப்ப சட்டம் வர முதலே அதைக் கொம்பனிக்கு ஏத்த மாதிரித் திருப்பிவிடுறதுதான் வேலை.”

“அப்ப நான் வரிசையில நிண்டு வோட்டுப் போட்டது என்னத்துக்கு?”

ஹரிப்பிரியா சிரித்து மழுப்பினாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மந்திரிக்குப் பக்கத்தில் மேகன் என்று ஒரு செம்பட்டைத் தலை வெள்ளைக்காரப் பெண். மந்திரியின் ஆலோசகராம். வணக்கம் வைத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

சிவபாதசுந்தரம் தொடங்கினார். “ஒழுங்கையை மூட விடாதையுங்கோ. மூடினா எனக்கு மீனும் வராது, மரக்கறியும் வராது. கடையைப் பூட்டிப்போட்டு இந்த வயசில நான் ஆரிட்டப் போய் வேலை கேக்கிறது? சூப்பர்மார்க்கெட்காரனுக்கு ஒஸ்ரேலியாவில வேற காணியே இல்லையோ?”

ஹரிப்பிரியா அதை நாலைந்து சொல்லில் முடித்தாள்.

“என்ன பிள்ளை, நான் தேரையே இழுத்தன். நீ சில்லை மட்டும் காட்டிப்போட்டு விடுறாய்?”

“இங்கிலிஷ் அப்பிடித்தான் அங்கிள். சுருக்கம்.”

“அப்ப இதையும் சுருக்கிச் சொல்லு. இந்த மனுசன் ஒருநாள் என்ர ஒழுங்கையில நெத்தலிப் பெட்டி இறக்கிப் பாக்கட்டும். அண்டிரவு இவற்ற மனுசி இவரை வீட்டுக்குள்ள விடமாட்டா!”

ஹரிப்பிரியா வாய் திறக்க முதலே மேகன் களுக்கென்று சிரித்தாள். உடனே அதை இருமலாக்கித் தண்ணீர் குடித்தாள். கிழவன் ஒருவன் கையை ஆட்டிக் கதைத்தாலே இவர்களுக்கு வேடிக்கைதான் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

பிறகு ஹரிப்பிரியா நீளமாக ஏதோ சொன்னாள். மந்திரியின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்ததும், “என்னவாம்?” என்று கேட்டார்.

“நல்ல முடிவு வருமாம் அங்கிள்.”

“ஆருக்கு?”

அவளுடைய ரெலிபோன் அடித்தது. “சொறி அங்கிள், கிளையன்ற் எடுக்கினம். நீங்கள் கீழ போங்கோ, வாறன்” என்று ஒரு மூலைக்குப் போய்விட்டாள்.

மேகன்தான் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள். சிவபாதசுந்தரம் தன்பாட்டில் முணுமுணுத்தார்.

“இந்தக் கட்டிடத்தில ஒரு நாயையும் நம்பேலாது.”

“நம்பாதையுங்கோ அங்கிள்.”

திடுக்கிட்டுத் திரும்பினார். அங்கே வேறு யாரும் இல்லை. வெள்ளைக்காரிதான் நின்றாள்.

“பிரியா அந்தச் சூப்பர்மார்க்கெட்டின்ர லோயர் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லையோ? ஒழுங்கையை மூடக் கடைக்காரர் எல்லாருக்கும் சம்மதம், அதைச் சொல்லத்தான் நீங்கள் வந்தனீங்கள் எண்டு மினிஸ்டரிட்டச் சொன்னவா. முழுப் பொய்யையும் சொல்லி முடிக்கட்டும் எண்டுதான் நான் குறுக்க கதைக்கேல்லை. நீங்கள் உண்மையில என்ன சொன்னனீங்கள் எண்டு இப்பவே போய் அவரிட்டச் சொல்லுறன்.”

லிஃப்ட் கதவு திறந்தது. சிவபாதசுந்தரம் நன்றி சொல்லவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்தத் தமிழ் எங்க பழகினது?”

“நான் கலியாணம் கட்டினது உங்கட ஊர்ப்பக்கம், அளவெட்டியில அங்கிள். மாமி வீட்டில இங்கிலிஷ் கதைக்க விடமாட்டா.”

அவர் உள்ளே ஏறி, கதவை மூடுகிற பொத்தானை அமத்தினார்.

“அளவெட்டியோ? அப்ப நீயும் எங்கட ஆள்தான். இன்னும் கவனமா இருக்கோணும்.”