நெஞ்செலும்பு சூப்பு

"ஏலே முத்து, எனக்கு வைக்காம நீ மட்டும் குடிக்கிறியா?"

ஆம்பளைக் குரல். முத்துக்கிருஷ்ணனின் செத்துப்போன அப்பாவின் அதே கரகரத்த குரல். வந்ததோ கண்ணம்மாளின் வாயிலிருந்து.

கண்ணம்மாள் அவனுடைய அத்தை, அப்பாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் இலைக்குப் பக்கத்தில் ஆட்டு நெஞ்செலும்பு சூப்பு வந்தால் போதும், அவளுக்குக் கண் செருகிவிடும். செத்த அண்ணன் அவள் மேல் இறங்கிவிடுவார்.

முத்துக்கிருஷ்ணன் இரு கையாலும் கிண்ணத்தை நீட்டினான். "குடிங்கப்பா."

வாங்கிக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் போனாள்.

அவன் மனைவி மாலதிக்கு அது பொறுக்கவில்லை. அந்த வீட்டில் ஆம்பளைகள் தங்குவதில்லை. மாமனார், அவருடைய அண்ணன், தம்பி மூவருமே நாற்பதைத் தாண்டாமல், தறியில் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர்கள். இவனுக்கு முப்பத்தஞ்சு நடக்கிறது. நெஞ்சுக்கு வலு சேரட்டும் என்றுதான், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வாரம் தவறாமல் சூப்பு காய்ச்சுகிறாள்.

"அண்ணன்மாரு உசிரைக் குடிச்சவ, அடுத்து இவனையும் குடிச்சிருவா" என்று சின்னாளபட்டித் தெருவே பேசியது.

இன்று மாலதி விடவில்லை. பின்னாலேயே போனாள்.

கண்ணம்மாள் குடிக்கவில்லை. முருங்கை மரத்தடியில் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் அண்ணன் இல்லை.

"பெரியம்மா, அப்ப அம்புட்டும் நடிப்பா?"

"மெதுவாப் பேசு தாயி. அவன் காதுல விழுந்துரும்."

"அவரு நல்லா இருக்கணும்னு நான் காய்ச்சுறேன். நீங்க மண்ணுல ஊத்துறீக."

"நீ பிரசவத்துக்கு உங்கம்மா வீட்டுல இருந்தப்ப அவனுக்கு நெஞ்சு வலிச்சுச்சு. திண்டுக்கல்லு டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்தாரு. ரத்தத்துல கொழுப்பு மிஞ்சிப்போய்க் குழாயை அடைக்குதாம். அப்பன் வழி வந்ததாம். கறி, சூப்பு வாசனையே ஆகாதுன்னாரு. இவன் சிரிச்சுட்டு வந்துட்டான். பச்சை உடம்புக்காரிகிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டான். டாக்டரு சொன்னாக் கேக்கமாட்டான். செத்த அப்பன் கேட்டாத்தான் கிண்ணத்தைக் குடுக்குறான்."

"அதே ரத்தந்தானே பெரியம்மா உங்களுக்கும். நீங்க மட்டும் எப்படி…" கேட்டபிறகு மாலதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். பொம்பளைக்கு மாசாமாசம் வர்ற வரைக்கும் உடம்புல ஹார்மோன்னு ஒண்ணு ஊறுமாம். அது கொழுப்பைக் குழாயில லேசுல ஒட்டவிடாதாம். நின்னுபோனா நமக்கும் ஆம்பளைக கதிதான்னாரு." கண்ணம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "எனக்கு நின்னுபோச்சு. தண்ணிக்குடம் தூக்குனா இப்பவே இங்க இறுக்குது."

உள்ளேயிருந்து முத்துக்கிருஷ்ணன் குரல் கொடுத்தான். "மாலதி, அப்பா போயிட்டாரா? சட்டியில மிச்சம் கிடக்கா?"

மாலதி அடுப்படிக்கு ஓடினாள். சட்டியோடு தூக்கிவந்து மரத்தடியில் கவிழ்த்தாள்.

"தெரியாம நானே அவரை…"

"அழாத தாயி. நீ பாதியிலயே நிறுத்திட்ட" என்றாள் கண்ணம்மாள். "எங்கண்ணன்மாரு மூணு பேருக்கும், நெஞ்சுக்கு நல்லதுன்னு, போற நாள் வரைக்கும் காய்ச்சி ஊத்துனது நான்தான்."