ஷேடு நம்பர் இருபத்தாறு

"மாப்ள, ஆஸ்பத்திரியில உக்காந்தும் வியாபாரமா?"

அண்ணன்காரர் கேட்டது வார்டு முழுக்கக் கேட்டுச்சு. அவர் ரகசியம் பேசினாலே அடுத்த மாடிக்குக் கேக்கும்.

மாப்பிள்ளை ஜன்னல் திரையை இழுத்து மூடினார். லைட்டைப் போட்டார். நிறத்துக்கு ஒரு நம்பர் போட்ட பெயிண்டுக் கடை ஷேடு கார்டை விசிறி மாதிரி விரிச்சுக்கிட்டு, கட்டில் கால்மாட்டுல கொஞ்ச நேரம் குனிஞ்சு நின்னார். அப்புறம் போனை வாய்கிட்ட வச்சு மெதுவா, "பதினோரு மணி. இருபத்தாறு" அப்படின்னார்.

"பாத்தியாம்மா? ஆர்டர் குடுக்கறாரு!"

கட்டில்ல தங்கச்சி. லாரி உரசினதுல கணுக்கால்ல சதையே இல்லாமப் போச்சு. தொடையிலேர்ந்து தோலும் சதையும் ரத்தக்குழாயோட எடுத்து, அங்க வச்சுத் தைச்சு ரெண்டு நாள் ஆகுது. அந்தச் சதையில ரத்தம் ஓடினா கால் தங்கும். நின்னா காலே போகலாம். மணிக்கொரு தடவை சிஸ்டர் வந்து, விரலால அமுக்கி, சூடு பாத்து, எழுதிட்டுப் போவாங்க.

"அவரை விடேன் அண்ணே."

"எப்படி விடறது? பெரியப்பா வந்துட்டுப் போய் என்ன சொன்னாரு தெரியுமா? 'பொண்டாட்டி படுக்கையில கிடக்கா, இவன் யாரு வீட்டுக்கோ வெள்ளையடிக்கறான்'னாரு. நான் பாரு, வேலைவெட்டி எல்லாத்தையும் போட்டுட்டு உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"நீ வந்தே அரை மணிதான் ஆச்சு."

மாப்பிள்ளை சிரிச்சார். அண்ணன்காரர் சிரிக்கல.

பன்னெண்டு மணிக்கும் இருபத்தாறு. ஒரு மணிக்கு இருபத்தெட்டு. மாப்பிள்ளை சாப்பிடப் போகாம அங்கயே நின்னார். ரெண்டு மணிக்குத் திரையை மூடி, லைட்டைப் போட்டு, கார்டைப் பிடிச்சவர் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"சிஸ்டர்! முப்பத்தொண்ணு!"

அப்பத்தான் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் ஓடி வந்து அமுக்கிப் பாத்தாங்க. "நல்லாத்தானே சார் இருக்கு? சூடு இருக்கே."

"நீங்க இப்பத்தாம்மா பாக்கறீங்க. காலையில இருந்த நிறம் இது இல்ல. கத்திரிப்பூ கலந்திருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

"மானத்த வாங்காதீங்க மாப்ள!" அண்ணன்காரர் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். "படிச்சவங்க சொல்றாங்கல்ல?"

"கூப்பிடுங்க சிஸ்டர். தப்பா இருந்தா டாக்டர்கிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன்."

டாக்டர் வந்தார். பாத்தார். திட்டல.

"ரத்தம் உள்ள போகுது. வெளிய வர்ற குழாய் அடைக்க ஆரம்பிச்சிருக்கு. தியேட்டரை ரெடி பண்ணுங்க!"

மூணு மணி நேரம். தியேட்டர் வாசல்ல ரெண்டு பேரும் காத்திருந்தாங்க.

கதவு திறந்துச்சு. டாக்டர் முகமூடியைக் கழட்டினார்.

"அடைப்பை எடுத்தாச்சு. ஓட்டம் நல்லா இருக்கு. ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா அந்தச் சதை நமக்கில்ல. எங்க கண்ணுக்கே இப்பத்தான் லேசாத் தெரிய ஆரம்பிச்சுது. நீங்க எப்படிப் பிடிச்சீங்க?"

"பதினெட்டு வருஷமா கலர் கலக்கறேன் டாக்டர். சிஸ்டருங்க மாறி மாறி வர்றாங்க. போன மணி நேரம் என்ன நிறம்னு வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் ஒரே வெளிச்சத்துல நம்பர் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

போனை அமுக்கினார். பதிவு பண்ணி வச்சிருந்த அவர் குரலே மணிக்கு மணி வரிசையா ஒலிச்சுது. ரெண்டு நாளும் இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. கடைசியா இருபத்தெட்டு.

அண்ணன்காரர் வாழ்க்கையில முதல் தடவையா மெதுவாப் பேசினார்.

"மாப்ள... இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு எட்டு கடைக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு வாங்க. முதலாளி தேடப் போறாரு."

"தேட மாட்டாரு மச்சான்." மாப்பிள்ளை பெஞ்சுல சாஞ்சு, ரெண்டு நாளைக்கப்புறம் காலை நீட்டினார். "லீவு கேட்டேன். 'வேலை வேணுமா, பொண்டாட்டிகூட இருக்கணுமா'ன்னாரு. அதான் இங்க இருக்கேன்."