அப்பாவின் கையெழுத்து

மிருணாளினி காலையில், பத்திரங்கள் எழுதும் தன் நொத்தாரிசு அலுவலகத்தைத் திறந்ததும் முதல் ஆளாக அவளுடைய அப்பா உள்ளே வந்தார். அவரை மாசியில் தகனம் செய்திருந்தார்கள். லா ஷப்பல் தெரு மழையில் அவருடைய கோட்டு நனைந்திருந்தது.

“கார்ஜில இருக்கிற எங்கட வீட்டைக் கொம்மாவின்ர பேருக்கு எழுதவேணும் பிள்ளை. விக்கச் சொல்லிக் கொண்ணன் கரைச்சல் குடுக்கிறான்.”

அண்ணன் வீட்டை விற்கச் சொல்லித் தொல்லை கொடுப்பதைச் சொல்லித்தான் அம்மாவும் தொலைபேசியில் அழுதிருந்தாள்.

“என்னால எழுதேலாது அப்பா. சட்டம் விடாது.”

“நான் செத்த ஆள் எண்டதாலயோ?”

“இல்லை. நீங்கள் என்ர அப்பா. பெத்த தேப்பனுக்கு நொத்தாரிசு எழுதக்கூடாது.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப சட்டத்திலயும் நான் இன்னும் உனக்கு அப்பாதான்!”

அவள் அவரைக் கைபிடித்துத் தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்து நொத்தாரிசிடம் கூட்டிப்போனாள். அந்தப் பிரெஞ்சுப் பெண் அடையாள அட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சரி என்றாள். மகள் கூட இருக்கக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மிருணாளினி வெளியே காத்திருந்தாள். உள்ளே அப்பா தன் உடைந்த பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பிறகு கதவு சற்றே திறந்தது.

“கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு இனி அம்மாவுக்குத்தான்,” என்றாள் அந்தப் பெண். “உங்களைக் காத்திருக்க வேண்டாமாம். போய்ச் சாப்பிடச் சொல்கிறார்.”