மாமியாரின் அவசரம்

“மாப்பிள்ளை, கையெழுத்து எப்போ போடப் போறீங்க?”

வாடிக்கையாளர் நிற்கும்போதே மாமியார் கேட்டார். வெளுக்கப் போட்ட கோட்டை வாங்க வந்தவர் சங்கடத்தோடு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“போடலாம் அத்தை” என்றான் மாப்பிள்ளை, ஒரு சட்டைக் காலரில் இருந்த மைக் கறையைத் தேய்த்தபடி.

“போடலாம் போடலாம்னே ஓட்டுறீங்க. பிரியறதுன்னு முடிவு பண்ணின பிறகு என்ன இழுபறி?”

அந்த லாண்டரி மாமியாருடையது. அவர் மகளைக் கட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த மாப்பிள்ளை, வீட்டில் சும்மா உட்கார மனமில்லாமல் ஒருநாள் கடையை எட்டிப் பார்த்தான். அன்றே கறை எடுக்கும் மேஜை அவனுடையதாகிவிட்டது.

கடையோடு ஒத்துப்போனது. கல்யாணம்தான் ஒத்துப்போகவில்லை. மனைவிக்கு ஊர் ஊராகப் பறக்கிற வேலை. இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை செருப்பு மாட்டுவதே பெரிய பாடு. சண்டை வந்ததில்லை, சண்டை போடும் அளவுக்குப் பேசிக்கொண்டால்தானே? லாட்ஜில் அடுத்தடுத்த ரூம்காரர்கள் மாதிரி மரியாதையாக இருந்தார்கள். பிரிந்துவிடலாம் என்ற முடிவைக்கூட மரியாதையாகத்தான் எடுத்தார்கள்.

ஒரே சிக்கல், விசா. மனைவியைச் சார்ந்து வந்த விசா அது. கல்யாணம் முறிந்தால் அதுவும் போய்விடும். ஊரில் நடத்திக்கொண்டிருந்த சலவைக் கடையை மூடிவிட்டுத்தான் வந்திருந்தான். திரும்பிப் போனால் மறுபடி முதலிலிருந்து.

மாமியார் உள்ளே போனதும் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நெஞ்சுல ஈரமே இல்லைப்பா அந்தம்மாவுக்கு. பொண்ணே சும்மா இருக்கு, இவங்களுக்கு என்ன அவசரம்?”

“பொண்ணு வாழ்க்கைண்ணே. கவலை இருக்காதா?”

“அதுக்காக? கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி விவாகரத்துக்கு நாள் பார்க்கிறாங்க.”

அந்த வாரமே மாமியார் மகளையும் மாப்பிள்ளையையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வக்கீல் அம்மாவின் ஆபீசுக்குப் போனார். பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொஞ்சம் பொறும்மா” என்றாள் மகள், வக்கீல் எதிரில். “இவர் விசா போயிடும். வேற வழி ஏதாவது கிடைக்கிற வரைக்கும் பேருக்குப் புருஷன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறோம்.”

“எவ்வளவு காலத்துக்கு? நீயும் உன் வழியைப் பார்க்க மாட்டே, அவரும் பார்க்க மாட்டார்.” மாமியார் வக்கீல் பக்கம் திரும்பினார். “இந்தக் கல்யாணத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ, முடிச்சுக் கொடுங்க.”

மாப்பிள்ளை வக்கீலைப் பார்த்தான். “தீர்ப்பு வந்தா நான் உடனே கிளம்பணுமா மேடம்?”

“உடனே இல்லை. மூணு மாசம் அவகாசம் தருவாங்க. அதுக்குள்ள வேற விசா கிடைச்சா இருக்கலாம். இல்லேன்னா கிளம்ப வேண்டியதுதான்.”

“மூணு மாசமா? தாராளம்” என்றார் மாமியார்.

மூட்டை கட்ட மூணு மாசம் தாராளம்தான் என்று நினைத்துக்கொண்டான் மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டான். மனைவி அவனை நிமிர்ந்து பார்க்காமலே போட்டாள்.

படி இறங்கும்போது, “அம்மா இப்படிப் பேசுவாங்கன்னு நான் நினைக்கல” என்றாள்.

“விடு. நீ நல்லா இருக்கணும், அவ்வளவுதான்.” மனதாரத்தான் சொன்னான்.

தீர்ப்பும் வந்தது. மறுநாள் காலை, கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் வக்கீல் அம்மா உட்கார்ந்திருந்தார். இஸ்திரிக்காரர் யார் மேலோ உள்ள கோபத்தை ஒரு பேண்ட் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

“சாவி எதுக்கு?” என்றார் மாமியார்.

“இனிமே எனக்கு இங்கே என்ன இருக்கு அத்தை?”

“முதல்ல அந்த அத்தையை விடு. முதலாளியம்மான்னு கூப்பிட்டுப் பழகு.”

இத்தனை வருடத்தில் அவர் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. இஸ்திரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்கே இது நல்லா இருக்காம்மா? காரியம் முடிஞ்சதும் மரியாதைகூடப் போயிடுச்சா?”

மாமியார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வக்கீலிடம் கேட்டார். “சட்டப்படி இப்போ இவன் எனக்கு என்ன வேணும்?”

“ஒரு உறவும் இல்லை. வெளி ஆள்.”

“அப்போ என் கடையில வேலை செய்ய இவனுக்கு விசா கேட்கலாமா?”

“இன்னிக்கே கேட்கலாம். கறை எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் எல்லாக் கடையிலயும் பஞ்சமா இருக்கே. மூணு மாசத்துக்குள்ள கைக்கு வந்துடும்.”

மாப்பிள்ளை சாவியை நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா, மாமியார் தயவு எதுக்குன்னு ரோஷமா விமானம் ஏறியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?”

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். குரல் இப்போது இறங்கியிருந்தது.

“வேலை விசா வாங்கித் தர்றதுன்னா முன்னாடியே வாங்கித் தந்திருக்கலாமேம்மா. விவாகரத்துக்கு எதுக்கு அந்தப் பறப்பு பறந்தீங்க?”

மாமியார் சிரித்தார். “சொந்தக்காரங்களுக்கு நாமளே வேலை விசா வாங்கித் தரக்கூடாதாம். மாப்பிள்ளை வேலையிலேருந்து தூக்கினாத்தானே இவனை இந்த வேலையில வைக்க முடியும்?”