தூண் மறைக்கிற நாற்பது சீட்

“தூண் மறைக்கிற சீட் எதெதுன்னு சிவப்புப் பென்சில்ல குறிச்சுக் குடுப்பா. அதையெல்லாம் வேலை பார்த்தவங்களுக்குத் தள்ளிவிட்டுடலாம்.”

டிக்கெட் அதிகாரி சொன்னதும், சீட் பொருத்துகிற ஃபிட்டர் மறுபேச்சில்லாமல் பென்சிலை வாங்கினார்.

பெரிய போட்டிக்காக ஸ்டேடியத்தைப் புதுப்பித்து முடித்தாயிற்று. மேல் அடுக்கில் எண்பது சீட் இலவசம். நாற்பது அதிகாரியின் விருந்தாளிகளுக்கு, நாற்பது தொழிலாளர் குடும்பங்களுக்கு. புதுக் கூரையைத் தாங்குகிற தூண்கள் அதில் பாதிக்கு மைதானத்தை மறைத்தன. அதிகாரி கையில் இருந்ததோ பழைய வரைபடம்; அதில் தூணே கிடையாது. மேலே போய்ப் பார்க்கலாம்தான். தொண்ணூற்றாறு படி. அவர் முதல் படியைக்கூட மிதித்ததில்லை.

ஃபிட்டர் மளமளவென்று நாற்பது கட்டத்தைச் சிவப்பாக்கினார்.

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். “சரியாத்தானே குறிச்சிருக்கே? வர்றது என் மாமியார் வீட்டு ஆளுங்க. ஏதாவது ஆச்சுன்னா என் தலை உருளும்.”

“ஒவ்வொரு சீட்டையும் என் கையால முடுக்கினவன் சார்.”

அதிகாரி அப்போதும் பேனாவைத் திறக்கவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வெல்டருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

“அண்ணேன்னு கூப்பிட்ட வாயாலயே கேக்கறேன், உனக்கு மனசாட்சி இருக்கா? என் பொண்ணு ஆறு மாசமா இந்த மேட்ச்சைத்தான் பேசிக்கிட்டு இருக்கா. அவ தூணைப் பார்த்துட்டு வரணுமா? நல்ல பேர் வாங்கறதுக்காக நம்மாளுங்களையே காட்டிக் குடுக்கறியே!”

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரிக்குச் சந்தேகம் தீர்ந்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்றோடு வெல்டர் ஃபிட்டரிடம் பேச்சை விட்டார். டீ குடிக்கிற இடத்தில்கூட முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

டிக்கெட் கைக்கு வந்ததே போட்டி நாள் காலையில்தான். படியேறும்போதே வெல்டர் மகளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார்.

“தெரியலைன்னாலும் சத்தம் நல்லாக் கேட்கும்மா...”

அவள் எங்கே காதில் வாங்கினாள்? முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

“அப்பா! ரெண்டு கோல் போஸ்ட்டும் தெரியுதுப்பா!”

வெல்டர் பதறிப்போய்ப் பார்த்தார். மைதானம் மூலைக்கு மூலை தெரிந்தது. பக்கத்துப் பகுதியில் அதிகாரியின் மாமனார் தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். மாமியார் நீட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் ஃபிட்டர். வெல்டர் அவர் பக்கம் திரும்பினார். வெட்கமாக இருந்தது.

“என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேண்ணே. கண்டபடி திட்டிட்டேனே!”

“சொல்லியிருந்தா திட்டியிருப்பியா? நீ திட்டினப்புறம்தானேய்யா அவர் கையெழுத்தே போட்டாரு!”