லீடர் வேலை

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து கம்பெனி பஸ்சில் வந்துகொண்டிருந்த மாரிசெல்வி, ஜன்னல் வழியே பார்த்ததும் பகீரென்று எழுந்துவிட்டாள்.

மண்ணூர் பிள்ளையார் கோயில் வாசலில் குனிந்து, உள்ளே இருப்பவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தது அவள் பெற்ற மகள் கனிஷ்கா!

"எம்மா, எங்க குழுவுக்கு என்னைய லீடராக்கிட்டாவ" என்று போன வாரம்தான் வந்து சொன்னாள். மாரிசெல்வியும் காம்பவுண்டில் ஒரு வீடு விடாமல் சொல்லிப் பூரித்துப்போனாள்.

பூரிக்க மாட்டாளா? திருநெல்வேலியிலிருந்து வந்து புதுப் பள்ளியில் சேர்ந்தபின், "உள்ளேன்" சொல்லும் குரல்கூட டீச்சர் காதில் விழாமல் ஆப்சென்ட் வாங்கிய பிள்ளை அது. சக்திகுமார் நடத்தும் வழிபாட்டுக் குழுவில் சேர்ந்தால் நாலு பிள்ளைகளோடு பழகும், வாயைத் திறந்து பாடவாவது செய்யும் என்றுதான் அனுப்பினாள். டயர் கம்பெனியில் வேலை பார்க்கிற மனுஷன், நெற்றி நிறையத் திருநீறு. நம்பினாளே!

செருப்பு அடுக்குவது எப்பேர்ப்பட்ட வேலை என்று அவளுக்குத் தெரியாதா? செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் அவள் லைன் லீடர். சொந்தச் செருப்பை வெளியே விட்டு, கம்பெனி செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே கிடக்கும் செருப்புகளை ரேக்கில் அடுக்குவது, லேட்டாக வருகிறவர்களுக்கு அவளே கண்டுபிடித்த தண்டனை. இப்போது அதில் மாட்டியிருப்பது பிள்ளைப்பாக்கத்துக் காவேரி. நாலு பேர் பார்க்கக் குனிந்தால்தான் புத்தி வரும் என்பது மாரிசெல்வியின் கட்சி.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"ஏட்டி! உன்னையச் செருப்பு அடுக்கவா அனுப்புனேன்? லீடராம் லீடர்! பொய் வேற சொல்லுதியா? கெளம்பு வீட்டுக்கு. இனிமே இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

உள்ளே பாட்டு நின்றது. சக்திகுமார் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"உங்கள நம்பித்தான அண்ணாச்சி அனுப்புனேன்? பொழைக்க வந்தவ பிள்ளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கனிஷ்கா முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க இருங்க. எங்க அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மாரிசெல்வி திகைத்தாள். இது தன் மகள் குரல்தானா?

"எம்மா, நான் பொய் சொல்லல. இங்க லீடர் வேலையே இதான். போன வருசம் லீடரா இருந்த சுபாஷும் இதைத்தான் செஞ்சான். பிள்ளைங்க எல்லாரும் கை தூக்கித்தான் என்னையத் தேர்ந்தெடுத்தாவ."

"செருப்ப அடுக்கதுக்கு எதுக்குட்டி லீடரு?"

"செருப்பத் தொட்டுப் பாத்தாத்தான ஆள் நெலமை தெரியும்?" கனிஷ்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்தா, இதுல வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கு பாரு. யாருதுன்னு கேக்காத. வெக்கப்பட்டுப் பின்னால மறைச்சு விட்டிருந்தாவ. அண்ணன் காதுல மட்டும் போட்டுவைப்பேன், அவரு பாத்துக்கிடுவாரு. பேச்சிராஜ் செருப்பு போன வாரமும் இல்ல, இன்னைக்கும் இல்ல. கூட்டம் முடிஞ்சதும் அவன் வீட்டுக்குப் போயி என்னன்னு கேக்கணும்."

மாரிசெல்வி குனிந்து அந்த ஊக்கைப் பார்த்தாள்.

"இப்ப நீயும் செருப்பக் கழத்திட்டு உள்ள வந்து உக்காரு. இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கு."

அம்மாவுக்கே உத்தரவு! மாரிசெல்வி மறுபேச்சில்லாமல் கழற்றினாள். கனிஷ்கா குனிந்து அதையும் எடுத்து வரிசையில் வைத்தாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. யாரும் அவளை ஏமாற்றவும் இல்லை. அப்பாடா என்று மாரிசெல்வி தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. கனிஷ்காதான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள், கணீரென்று. எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மாரிசெல்வியும் கைதட்டினாள். ஆனால் பாதிப் பாட்டில், ரேக்கின் முன்னால் குனிந்து நின்ற காவேரியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஷிப்டு தொடங்குகிற நேரத்துக்குச் சரியாகக் காவேரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் கழற்றிய செருப்பு முழுக்க ஈரச் சேறு.

"என்னம்மா, இவ்வளவு சேறு?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"கம்பெனி பஸ்சு எங்க ஊருக்குள்ள வர்றது இல்லக்கா. வூட்லேர்ந்து ஏரிக்கரை மேல நடந்து மெயின் ரோட்டாண்ட வரணும். மழ பேஞ்சா ஒரே வழுக்கல். அதுக்குள்ள பஸ்சு பூடுது."

"இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீங்க கேக்கவே இல்லியேக்கா."

மாரிசெல்விக்குச் சுருக்கென்றது. குனிந்தாள். அந்தச் செருப்பை எடுத்துச் சேற்றை வழித்துவிட்டு ரேக்கில் வைத்தாள்.

"பஸ்சுக்கு நான் ஆபீஸ்ல பேசுதேன். நீ உள்ள போ." அடுத்த ஜோடியை எடுத்தாள்.

காவேரி பதறிப்போனாள்.

"ஐயோ, இன்னாக்கா பண்ணிக்கினு கீறீங்க? குடுங்க, அது எனக்குக் குடுத்த பனிஷ்மென்ட்டாச்சே!"

"இல்ல தாயி," என்றாள் மாரிசெல்வி. "இது லீடர் வேலை."