வில்லிக்கு வாய்த்த முகம்

ஈரோட்டில் லோசனியின் வீட்டுச் சுவரில் தினமும் சாயங்காலம் ஒரு கார்ட்டூன் படம் ஓடும். மேல்நாட்டு மோகத்தில் நம் பண்பாடு அழிந்துவிடக் கூடாதே என்று எடுத்த படம். குழந்தையின் மனதில் பதிய வேண்டுமென்று, அந்தந்த வீட்டு மனிதர்களைப் பார்த்தே அது பாத்திரங்களை வரைந்துகொள்ளும்.

இந்த வீட்டில் பேன்ட் போட்டு, முடியைக் கத்தரித்து, போனில் இங்கிலீஷ் பேசுகிறவள் லோசனிதான். ஆகவே வில்லிக்கு அவள் முகம் அமைந்துவிட்டது. அவள் கொடுப்பதை எந்தக் குழந்தையும் வாங்காது. முடிவில் சேலை கட்டிய நல்ல அம்மா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

ஒரு வாரமாக நான்கு வயது மகள் தேனு, லோசனி பிசைந்து உருட்டும் சோற்றுக்குக் கை நீட்டுவதில்லை.

"ஏனுங்க, அந்தப் படத்தை நிறுத்திப் போடுங்க."

கணவன் அன்பரசு சிரித்தான். "நாலு நல்லது கத்துக்கறா. நீ ஒரு நாளைக்குச் சேலை கட்டுனா கொறைஞ்சா போயிருவ?"

பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று, மறுநாள் வேலை முடிந்து வந்ததும் லோசனி சேலை கட்டி, சவுரி வைத்துப் பின்னிக்கொண்டாள். தேனு ஓடி வந்து மடியில் உட்கார்ந்து உருண்டை உருண்டையாக வாங்கித் தின்றாள்.

"பாத்தியா!" என்றான் அன்பரசு.

கடைசி உருண்டையைத் தேனு தின்னவில்லை. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு லோசனியின் காதோடு சொன்னாள்.

"இது எங்கம்மாவுக்கு. வெளியில நிக்கும், பாவம். கதவைத் தொறந்து விடறீங்களா?"